கம்பி உயிரோடிருக்கும்போதே

மின்சாரம் வந்த வழி – 11

ரெட்டியார்பாளையம், மூலகுளம், பூமியான்பேட்டை, ஜவகர் நகர். நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அவ்வப்போது இந்தப் பெயர்கள் வரிசையாக வரும். பராமரிப்புப் பணிக்காக இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை மின்சாரம் இருக்காது என்று கீழே ஒரு வரி. புதுச்சேரியின் உழவர்கரைக்காரர்கள் அதைப் படித்ததும் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிடுவார்கள், மாவை முன்கூட்டியே அரைத்து வைப்பார்கள். கம்பியை அணைத்துவிட்டுப் பழுது பார்ப்பது நமக்குப் பழகிய முறை.

சென்ற வாரம் நெய்வேலியிலிருந்து வில்லியனூர் வரை கோபுரம் கோபுரமாக நடந்து வந்தோம். 1962-இல் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும், அங்கிருந்து 230 கே.வி. (கிலோவோல்ட்) கம்பிகள் நம் பக்கம் வந்ததும் பார்த்தோம். அந்தக் கம்பிகளை நினைத்தபோதெல்லாம் அணைத்துவிட முடியாது. ஒரு தெருவுக்கு மின்சாரம் தரும் பீடரை நிறுத்தினால் ஒரு தெரு இருளும். நெய்வேலிக் கம்பியை நிறுத்தினால் அதன் சுமை முழுவதும் மற்றக் கம்பிகளின் தலையில் விழும். அவற்றில் ஒன்று அந்த நேரம் பார்த்துப் பழுதானால் கோரிமேட்டு ஜிப்மர், தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் உள்ள தொழிற்பேட்டைகள், குடிநீர் மோட்டார்கள் எல்லாம் ஒருசேர நிற்கும்.

அப்படியானால் அந்தக் கோபுரத்தின் பீங்கான் தட்டு ஒன்று விரிசல் விட்டால் யார் மாற்றுவது, எப்போது மாற்றுவது? கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது என்பது அந்தக் கேள்விக்கு உலகம் கண்ட விடைகளில் ஒன்று. மின்துறையில் இதை ஹாட் லைன் வேலை என்பார்கள். கேட்ட மாத்திரத்தில் உயிரோடு விளையாடுவதாகத் தோன்றும். ஆனால் மின்பணிகளில் இதைப்போல் அடிக்கு அடி விதி வகுத்துச் செய்யும் வேலை வேறில்லை. இந்த வாரம் அதன் வரலாறு.

மரக்கோலில் தொடங்கியது

1910-கள். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் சிற்றூர்களையும் சுரங்கங்களையும் நோக்கி மின்கம்பிகள் நீண்டுகொண்டிருந்த காலம். பல ஊர்களுக்கு ஒரே ஒரு கம்பிவழிதான். அதை நிறுத்தினால் மாற்றுவழி கிடையாது. ஆகவே லைன்மேன்கள் உலர்ந்த மரக்கோல்களின் நுனியில் கொக்கியும் இடுக்கியும் பொருத்தி, கைக்கும் கம்பிக்கும் நடுவே போதிய தூரம் விட்டு, பியூஸ் மாற்றுவது, சிறு பழுதுகளைச் சரிசெய்வது என்று வேலையைத் தொடங்கினார்கள். ஆரம்பக் கோல்கள் பணியாளர்களே செய்துகொண்டவை. பிறகு அவற்றைச் செய்து விற்கவே நிறுவனங்கள் வந்தன.

மரத்துக்கு ஒரு குறை உண்டு. ஈரத்தை உறிஞ்சும். வெளியே மழமழவென்று இருக்கும் கோலின் உள்ளே ஈரம் புகுந்திருந்தால் அதுவே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். வார்னிஷ் பூசினார்கள், சூட்டில் உலர்த்தினார்கள், பெட்டிகளில் பூட்டி வைத்தார்கள். 1950-களின் முடிவில் கண்ணாடியிழையால் ஆன கோல்கள் வந்த பிறகே அந்தக் கவலை குறைந்தது. புதிய கோலின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 100 கே.வி. அழுத்தம் கொடுத்து 5 நிமிடம் தாங்குகிறதா என்று சோதிப்பது இன்றைய அமெரிக்கத் தரநிலை.

இந்தக் கோலால் செய்யும் வேலை எப்படி நடக்கிறது? 110 கே.வி. கோபுரத்தில் கம்பியைத் தாங்கும் சரத்தில் ஏழெட்டுப் பீங்கான் தட்டுகள் கோத்திருக்கும். அதில் ஒன்று உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோபுரத்தில் நிற்பவர்கள் முதலில் பலமான இரண்டு கோல்களைக் கம்பியிலும் கோபுரக் கையிலும் பூட்டி, கம்பியின் பாரத்தை அவற்றின் மேல் மாற்றுவார்கள். சரம் பாரமின்றித் தளரும். நீண்ட கோலின் நுனியால் பின்னை உருவி, சரத்தைக் கம்பியிலிருந்து கழற்றி, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். புதிய சரம் மேலே ஏறும். பாரம் மறுபடி அதன் மேல் வரும். கோல்கள் கழலும். இவ்வளவு நேரமும் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஊரில் ஒரு விளக்கும் மினுக்காது.

வேலை தொடங்குமுன் செய்வதுதான் அதிகம். கோல்கள் தரையில் படக்கூடாது. தார்ப்பாய் விரித்து, தாங்கிகளில் சாய்த்து வைப்பார்கள். ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைப்பார்கள். சரத்தில் நல்ல தட்டுகள் எத்தனை என்று எண்ணுவார்கள். தேவையான எண்ணிக்கைக்குக் குறைந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. துணைமின் நிலையத்துக்குச் சொல்லி ஆட்டோ ரீக்ளோசை நிறுத்தி வைப்பார்கள். பழுதால் கம்பி தானாக அணைந்தால் அது தானாகவே மீண்டும் உயிர்பெறக் கூடாது என்பதற்காக. இடிச் சத்தம் கேட்டால், மழை தூறினால், காற்று வலுத்தால் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். குழுவின் தலைவர் எந்தக் கருவியையும் தொடமாட்டார். மேலே இருப்பவர்களின் கையும் முதுகும் கம்பியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே நிற்பதுதான் அவருடைய வேலை.

வெறுங்கையால் தொட்டவர்கள்

மின்னழுத்தம் ஏற ஏற கோலும் நீள வேண்டும். 230, 345, 400 என்று கே.வி. கூடியபோது கோல்கள் மூன்று மீட்டர், நான்கு மீட்டர் என வளர்ந்து, அவற்றின் நுனியில் ஒரு சிறு ஆணியைப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. அப்போது எழுந்த யோசனை முதல் பார்வைக்குப் பித்துப்போல் தோன்றியது: தூரத்தை இன்னும் கூட்டுவதற்குப் பதிலாக, மனிதனையே கம்பியின் மின்னழுத்தத்துக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன?

இதற்கான அறிவியல் புதிதில்லை. 1836-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே 12 அடி அளவுள்ள ஒரு பெட்டியைச் செய்து, அதன் வெளிப்புறத்தைக் கடத்தியால் மூடி, தாமே கருவிகளோடு உள்ளே போய் அமர்ந்தார். வெளியே தீப்பொறி பறக்கும் அளவுக்கு மின்னூட்டம் ஏற்றியும் உள்ளே எதுவும் தெரியவில்லை. மின்சாரம் பாய்வதற்கு இரண்டு இடங்களுக்கு நடுவே அழுத்த வேறுபாடு வேண்டும். உடல் முழுவதும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் அதனூடே பாய ஒன்றுமில்லை. கம்பியில் உட்கார்ந்த காக்கை பறந்து போவதும் இதனால்தான்.

இந்த உண்மையை லைன்மேனின் உடையாக மாற்ற 120 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1960-இல் அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர் நிறுவனத்தின் உயர் மின்னழுத்தப் பொறியாளர் ஹரால்ட் ரோர்டன் வெறுங்கை முறையை அறிமுகப்படுத்தினார். பெயர் வெறுங்கை என்றாலும், இன்று இந்த வேலையைச் செய்பவர் உலோக இழை கலந்த துணியால் ஆன சட்டை, கால்சட்டை, முக்காடு, கையுறை, காலுறை எல்லாம் அணிந்திருப்பார். 400 கே.வி. கம்பிக்கும் தரைக்கும் நடுவே சுமார் 231 கே.வி. அழுத்தம். மின்கடத்தா ஏணியிலோ கயிற்றில் தொங்கும் இருக்கையிலோ அவர் கம்பியை நெருங்குவார். அருகில் வந்ததும் கையிலுள்ள உலோகக் கோலை நீட்டிக் கம்பியைத் தொடுவார். பளிச்சென்று ஒரு தீப்பொறி, சடசடவென்று ஓர் ஒலி. உடையிலிருந்து வரும் இணைப்புக் கம்பியைக் கவ்விவிட்டால் அந்த நொடி முதல் அவரும் கம்பியும் ஒரே அழுத்தத்தில் இருப்பார்கள். அதன் பிறகு சாதாரண ஸ்பானரால் போல்ட்டை முடுக்கலாம்.

இந்த முறையில் ஒரேயொரு எல்லையை மட்டும் மறக்கவே கூடாது. கம்பியில் இருப்பவர் கோபுரத்தைத் தொடவோ நெருங்கவோ கூடாது. அடுத்த கம்பியையும் நெருங்கக் கூடாது. கீழிருந்து ஒரு கருவியைக் கைமாற்றுவதுகூட மின்கடத்தாக் கயிற்றின் வழியாகத்தான். 230 கே.வி.யில் அந்த இடைவெளி ஒன்றரை மீட்டருக்கும் மேல், 400 கே.வி.யில் இன்னும் அதிகம். ஒரு மில்லி ஆம்பியர் ஓடினால் உடம்புக்குத் தெரியும். பத்தை நெருங்கினாலே பிடித்த கையை விட முடியாது. நூறு போதும், இதயத்தின் துடிப்பைக் குலைத்துவிடும். மின்கடத்தா ஏணியிலும் கோலிலும் கசியும் மின்சாரத்தை மைக்ரோ ஆம்பியர் கணக்கில் அளந்து பார்ப்பது அதனால்தான்.

பெங்களூருக்கு வந்த வித்தை

பிரான்சில் 1946-இல் மின்துறை அரசுடைமையானபோது பிறந்த இ.டி.எஃப். நிறுவனம் 1960-களில் உயிருள்ள கம்பி வேலையைத் தனித் துறையாகவே வளர்த்தது. ஆனால் அதற்குள் புதுச்சேரி பிரான்சை விட்டு வந்துவிட்டது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. நாம் சேர்ந்த இந்தியா இதே வித்தையை வேறொரு வழியில் கற்றுக்கொண்டிருந்தது.

விடுதலைக்குப் பின் அணைகளும் அனல்மின் நிலையங்களும் எழ, மாநில மின்வாரியங்கள் உருவாயின. சென்னை மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1-இல் பிறந்தது. 1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் தொடங்கிய நீர்மின்சாரம் அதற்குள் தமிழ்நாடெங்கும் கம்பிகளை நீட்டியிருந்தது. தேவை கூடிக்கொண்டே போயிற்று. கம்பிவழிகள் அந்த வேகத்தில் கூடவில்லை. ஒரு கம்பியை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆலைகளுக்கும் வயல் மோட்டார்களுக்கும் இழப்பு. அமெரிக்கா 1910-களில் சந்தித்த அதே நெருக்கடி.

1950-களின் இறுதியில் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவியோடு ஹாட் லைன் பயிற்சி இந்தியாவில் தொடங்கியது. அதன் வழிவந்த ஹாட் லைன் பயிற்சி மையம் பெங்களூரு கனகபுரா சாலையில், தேசிய மின்பயிற்சி நிறுவனத்தின் கீழ் இன்றும் இயங்குகிறது. பல மாநிலங்களிலிருந்து வரும் லைன்மேன்களும் பொறியாளர்களும் அங்கே பயிற்சிக் கோபுரங்களில் ஏறி, முதலில் மின்சாரமில்லாத கம்பியிலும் பிறகு உயிருள்ள கம்பியிலும் பழகுகிறார்கள். கோல் முறைக்கு ஒரு பயிற்சி, வெறுங்கை முறைக்கு அதற்கு மேல் ஒரு பயிற்சி. தமிழ்நாட்டின் மின்வாரியத்திலும் இதற்கென்றே ஹாட் லைன் பிரிவு உருவாயிற்று.

சட்டமும் இதை முறைப்படுத்தியது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், பின்னர் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்து 2023-இல் புதுப்பித்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் உயிருள்ள கம்பியில் யார் வேண்டுமானாலும் கைவைப்பதை அனுமதிக்கவில்லை. அதற்கென்று அதிகாரம் பெற்றவர்தான் தொடலாம். உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளோடுதான் தொடலாம்.

உழவர்கரையின் கம்பிகள்

இனி நம் ஊருக்கு வருவோம். உழவர்கரையின் தலைக்கு மேல் மூன்று வகைக் கம்பிகள் ஓடுகின்றன. துணைமின் நிலையங்களுக்கு வரும் 110 கே.வி. கோபுரக் கம்பிகள், அங்கிருந்து தெருத்தெருவாகப் பிரியும் 22 கே.வி., 11 கே.வி. கம்பிகள், டிரான்ஸ்பார்மரைத் தாண்டி வீட்டுக்கு வரும் கம்பிகள். இவற்றில் எதை உயிரோடு தொடுவது எளிது?

கோபுரத்தின் உயரழுத்தக் கம்பிதான் என்பதே விடை. பலருக்கு இது வியப்பாக இருக்கும். கோபுரத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே பல மீட்டர் வெளி உண்டு. ஒருவர் உட்காரவும் திரும்பவும் அங்கே இடம் உண்டு. 22 கே.வி. மின்கம்பத்திலோ மூன்று கம்பிகளும் ஒன்றுக்கொன்று மிக அருகில். கீழே தெருவின் தாழ்வழுத்தக் கம்பி, கேபிள் டி.வி. வயர், பக்கத்தில் மாடி வீட்டின் கைப்பிடிச் சுவர், மேலே வேப்பங்கிளை. முழங்கை ஒன்று விலகினால் போதும். அங்கே வெறுங்கை முறைக்கே இடமில்லை. ரப்பர் கையுறை முறை ஒன்று உண்டு. 22 கே.வி.க்கு மூன்றாம் வகைக் கையுறை வேண்டும், அது 26.5 கே.வி. வரைக்கும் ஏற்றது. ஒவ்வொரு முறை போடுமுன்னும் காற்றை அடைத்துச் சுருட்டிப் பார்த்து ஊசித்துளை உண்டா என்று சோதிக்க வேண்டும். மேலே தோல் உறை வேண்டும். அக்கம்பக்கத்துக் கம்பிகளுக்கெல்லாம் ரப்பர் போர்வை வேண்டும். மின்கடத்தாத் தொட்டி பொருத்திய வண்டி வேண்டும். அந்த வண்டி நுழைய அகலமான தெரு வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வேலையை உயிருள்ள கம்பியில் செய்யக் கூடாது.

எனவே நம் தெருக்களுக்கு உரிய முறை கம்பியை அணைப்பதே. ஆனால் அணைத்த கம்பியும் பாதுகாப்பானது என்று பொருளில்லை. அதற்குத்தான் எல்.சி. என்ற ஏற்பாடு. லைன் க்ளியர் வாங்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது. வாங்கிய பிறகும் கம்பியைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும். ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்ற பலகையைத் தொங்கவிட வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் உறுதிசெய்ய வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். முடிந்ததும் ஆட்களையும் கருவிகளையும் எண்ணிப் பார்த்து, எல்.சி. வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்த வரிசையில் எர்த் ராடைத்தான் முதலில் விட்டுவிடத் தோன்றும். கனமானது, நேரம் பிடிக்கும். ஆனால் உயிரைக் காப்பது அதுதான். பீடரை மாற்றி அணைத்திருக்கலாம். ஒரே கோபுரத்தில் பக்கத்துச் சர்க்யூட் ஓடிக்கொண்டிருந்தால் அணைந்த கம்பியிலும் அழுத்தம் தூண்டப்படும். எல்லாவற்றையும்விட, ஒரு கடையிலோ திருமண மண்டபத்திலோ ஜெனரேட்டரையும் வெளிக் கம்பியையும் ஒருசேர இணையவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்திருந்தால் அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியே எதிர்த்திசையில் ஏறும். வீட்டுக்கு வரும்போது 11 அல்லது 22 கே.வி.யை 240 வோல்ட்டாகக் குறைக்கும் அதே டிரான்ஸ்பார்மர், திரும்பிப் போகும்போது 240-ஐ 11 அல்லது 22 ஆயிரமாக உயர்த்திவிடும். கம்பத்தின் உச்சியில் இருப்பவருக்கு அது தெரியாது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே தானே புயல் கரையேறியபோதும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோதும், மின்பணியாளர்கள் வேலை செய்தது இப்படிப்பட்ட சூழலில்தான். எங்கும் இருள், எங்கும் ஜெனரேட்டர், அறுந்த கம்பி எது எங்கிருந்து வந்தது என்று தெரியாத நிலை, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டு நிற்கும் கூட்டம். விதிகளைக் கைவிடத் தூண்டும் நேரமும் அதுவே. விதிகளைக் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரமும் அதுவே.

கடலோரத்துக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. வங்கக் கடலின் உப்புக்காற்று மழையில்லாத மாதங்களில் பீங்கான் தட்டுகளின் மேல் படிகிறது. விடியற்காலைப் பனி அதை நனைத்ததும் தட்டின் மேற்பரப்பே மின்சாரத்துக்கு வழியாகி, பொறி பறந்து கம்பி அணையும். கனிமம் நீக்கிய தண்ணீரைப் பீய்ச்சி, மின்சாரம் ஓடும்போதே தட்டுகளைக் கழுவும் முறை உலகின் பல கடலோரங்களில் நடக்கிறது. வட இந்தியாவின் மூடுபனிக் காலத் தடைகளைத் தவிர்க்க பவர்கிரிட் நிறுவனம் ஹெலிகாப்டரிலிருந்தே இப்படிக் கழுவியிருக்கிறது. உழவர்கரைக்கு மின்சாரம் கொண்டுவரும் கோபுரங்களுக்கும் இந்த வித்தை தெரிந்தவர்கள் வேண்டும்.

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று. உயிருள்ள கம்பியைத் தொட்டவர்களைக் காத்தது அவர்களுடைய துணிச்சல் அன்று. கோலைத் துடைத்ததும், தட்டை எண்ணியதும், தூரத்தை அளந்ததும், சந்தேகம் வந்தால் இறங்கியதும்தான் காத்தது. அந்தக் கம்பியின் முன் எவரும் அசட்டையாக நிற்பதில்லை. அதே மரியாதையை அணைத்த கம்பிக்கும் கொடுக்கும் நாளில்தான் நம் தெருக்களில் லைன்மேன் பத்திரமாக இறங்கிவருவார். இந்தப் பொறுப்பு யார் கையில் என்ற கேள்வியும் எழுந்தது. 2020 மே மாதம் யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாரிடம் தரப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. 2022-இல் புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். துறை யார் கையில் இருந்தாலும் கையுறைக்கும் எர்த் ராடுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கும் பணத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. தற்காலிக ஊழியரையும் உதவியாளரையும் பயிற்சி இல்லாமல் கம்பத்தில் ஏற்றக் கூடாது.

நம் பங்கும் உண்டு. வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டர் இருந்தால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து இந்த வாரமே பாருங்கள். தெருவில் எல்.சி. நடக்கும்போது எப்போது கரண்ட் வரும் என்று கம்பத்தடியில் நின்று நெருக்காதீர்கள். அவர்கள் எர்த் ராடை மாட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை மனமுவந்து கொடுங்கள்.

(அடுத்த வாரம்: தானே புயலின் இரவும், கம்பங்கள் மீண்டும் எழுந்த நாட்களும்)